இரு கப்பல்களின் வரலாறு

தேயிலை சுமந்த பாய்க்கப்பல்களுள் பெரும்புகழ் பெற்றது 'கட்டி சார்க்'. 1869 நவம்பர் 22இல் ஸ்கொத்லாந்தின் டம்பார்ட்டனில் அது நீரில் இறக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பலின் வெற்றி அன்றே உறுதியாயிற்று எனலாம். ஆயினும் எட்டு முறை அது சீனத் தேயிலையை ஏற்றிவந்தது. 1872இல் 'தெர்மோபிலே'யுடன் நிகழ்ந்த போட்டியில் சுக்கானை இழந்து தத்தளித்தபோது, தச்சன் ஹென்றி ஹெண்டர்சன் நடுக்கடலிலேயே மாற்றுச் சுக்கான் சமைத்துக் கப்பலைக் காத்தான். கப்பல் தோற்றது; தச்சனின் பெயர் ஏட்டில் நின்றது. நல்லதே. உழைப்பாளியின் கைத்திறன் வரலாற்றில் இடம்பெறுவதை நாம் எவ்வாறு குறைகூற முடியும்?

அட்டன், நுவரெலியாப் பகுதி மாணவர்கள் சிலர் இக்கப்பலின் படத்தைக் கண்டதும், நமது தோட்டத்துக் கொழுந்தைச் சுமந்தது இதுவே என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1873இல் அங்கிருந்து இலண்டன் சென்றதோ வெறும் 23 இறாத்தல். நமது தேயிலை பெருகிய காலத்தில் நீராவிக் கப்பல்களே அதனை ஏற்றின. கட்டி சார்க் 1883இல் அவுஸ்திரேலியக் கம்பளி வணிகத்துக்குச் சென்றுவிட்டது.

நமக்குரிய கப்பல் வேறு. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் ஏற்றிவந்து, 1864இல் ஏறத்தாழ 120 பேருடன் மூழ்கியதாக மலையக எழுத்தாளர் குறிப்பிடும் 'ஆதிலட்சுமி'யே அது. கட்டி சார்க்கின் ஒவ்வொரு பயணத்துக்கும் நாட்கணக்கு உண்டு. கிரீனிச்சில் நிறுத்திக் காக்கப்படும் அதனை 2007இல் தீ பற்றியபோதும், செப்பனிட்டு 2012இல் மீண்டும் திறந்தனர். ஆதிலட்சுமிக்கோ பெரும்பாலும் ஒரு வரி. அவ்வரியிலும் ஆண்டும் எண்ணும் உண்டேயன்றி ஆட்பெயர் இல்லை.

ஏகாதிபத்தியத்தின் ஏடுகளை மட்டும் இதற்காகப் பழித்துவிட்டு நாம் ஒதுங்குதல் தகாது. நம்மவரே அவ்வொரு வரியை ஒருவரிடமிருந்து மற்றவர் பெயர்த்தெழுதி, அக்கப்பலைக் கண்ணீருக்கு உவமையாக்கி அமைந்துவிட்டனர். கவிதைக்கு அது போதலாம். ஆனால் கப்பல் தானே கடலில் இறங்குவதில்லை. அதற்கு உரிமையாளன் உண்டு, கூலி பேசிய தரகன் உண்டு, ஆள் கேட்டு எழுதிய துரையும் உண்டு.

1864இல் கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகை வெளிவந்துகொண்டிருந்தது. அது கோப்பித் துரைமார் விரும்பிப் படித்த ஏடு. அவ்வாண்டின் இதழ்களை நாள்வாரியாகப் புரட்டும் பொறுமை நமது பட்டதாரி மாணவருள் ஒருவருக்கேனும் வாய்க்குமாயின், முதலில் அவர் தேட வேண்டியது இதுவே: அக்கப்பலில் இடமுள்ள அளவுக்குத்தான் ஆட்களை ஏற்றினார்களா?