துப்பாக்கி தானாக வெடிக்குமா?

"துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒருவர் காயம்" என்ற செய்தியை நாம் நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். இலக்கணம் அறிந்தவர் இவ்வாக்கியத்தில் குறை காண மாட்டார். ஆனால் இயற்பியல் படிப்பவர் சற்று நின்று யோசிக்க வேண்டும். பானை உடைந்தது, பழம் விழுந்தது என்பது போலத் 'துப்பாக்கி வெடித்தது' என்று சொல்லும்போது துப்பாக்கியே எழுவாயாகி விடுகிறது. அதில் தோட்டாவை நிரப்பியவர், இடுப்பில் செருகியவர், கைதவற விட்டவர் எவருமே வாக்கியத்தில் இல்லை.

துப்பாக்கி தானாக வெடிக்காது. அது வெடிக்க இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். குழாயின் பின்முனையில் உள்ள அறையில் தோட்டா இருக்க வேண்டும்; அந்தத் தோட்டாவின் பின்புறத்தில் ஓர் அடி விழ வேண்டும். முதல் நிபந்தனையை எப்போதும் நிறைவேற்றி வைத்துக்கொண்டே, அதாவது அறையில் ஒரு தோட்டாவோடு, கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்லலாமா? இது அமெரிக்கா போன்ற நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம். 'அப்படித்தான் எடுத்துச் செல்ல வேண்டும்' என்போரின் வாதத்தை இக்கட்டுரையில் எடை போட்டுப் பார்ப்போம்.

நமக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நம் நாட்டில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் குறைவே. ஆயினும் காவல் துறையினர் கையிலும், வங்கி வாசலில் நிற்கும் காவலர் தோளிலும், தேசிய மாணவர் படையின் சுடும் பயிற்சியிலும் துப்பாக்கி இருக்கிறது. அதன் அருகில் நாமும் நிற்கிறோம்.

பொட்டு வெடியும் தோட்டாவும்

தீபாவளியின்போது பொட்டு வெடியைக் கல்லால் தட்டி வெடிக்க வைத்திராத சிறுவர்கள் உண்டா? தோட்டாவின் உயிர்நிலையும் அது போன்றதுதான். பித்தளைக் கூட்டின் முன்முனையில் குண்டு, உள்ளே மருந்து, பின்புறத்தில் மிகச் சிறிய ஒரு மூடி. அம்மூடிக்குள் லெட் ஸ்டிஃப்னேட் போன்ற, அடிபட்டால் பொறி கக்கும் பொருள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி உண்டாகி, மருந்து எரிந்து, வாயுவின் அழுத்தத்தால் குண்டு பாய்கிறது.

கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இருவகை. ரிவால்வரில் ஐந்தாறு அறைகள் கொண்ட உருளை சுழல்கிறது. நிரப்பிய ரிவால்வரில் தோட்டாக்கள் எப்போதும் அறைகளிலேயே இருக்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். மேலுள்ள சறுக்குப் பகுதியைப் பின்னே இழுத்து விட்டால்தான் ஒரு தோட்டா அறைக்குள் ஏறும். அவ்வாறு இழுக்காத பிஸ்டலின் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் குண்டு வராது.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து

2024 அக்டோபர் 1 ஆம் நாள் விடியற்காலையில் மும்பையில் இந்தித் திரைப்பட நடிகர் கோவிந்தா தமது உரிமம் பெற்ற ரிவால்வரின் குண்டு பாய்ந்து காலில் காயமுற்றார். வெளியூர் புறப்படும் வேளையில், ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை நழுவி விழுந்து வெடித்தது என்று அவர் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. கீழே விழுந்தால் வெடிக்குமா என்று பலரும் வியந்தனர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

ரிவால்வரின் நிறை 0.7 கிலோகிராம், விழும் உயரம் 1 மீட்டர் என்று கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் தரையைத் தொடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7 ஜூல் எனக் கிடைக்கும். தோட்டாவின் மூடியைப் பற்றவைக்க ஒரு ஜூலில் சிறு பகுதியே போதும். ஆகவே ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. கேள்வி ஒன்றுதான்: அந்த ஆற்றல் ஊசியைச் சென்றடைய வழி இருக்கிறதா, இல்லையா?

பழைய ரிவால்வர்களில் வழி இருந்தது. அவற்றின் சுத்தியல் தோட்டாவின் மூடியை ஒட்டியே நின்றது. துப்பாக்கி சுத்தியல்மீது விழுந்தால் தரையின் எதிர்விசை நேராக மூடிக்குப் போய்விடும். 1873 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரை வைத்திருந்தவர்களில் விவரமறிந்தோர் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரே வெற்றறையை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் இதுவே. 1944 இல் ஒரு ரிவால்வர் போர்க்கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்து அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதன் பிறகே அதைத் தயாரித்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சுத்தியலை மறிக்கும் அமைப்பை மேலும் உறுதியாக்கியது. விசையை முழுவதும் அழுத்தினாலன்றிச் சுத்தியலின் அடி ஊசியை எட்டாதபடி செய்யும் அமைப்புகள் இன்றைய ரிவால்வர்களில் பொதுவாக உள்ளன.

எதிர்த்தரப்பின் வாதம்

இனி, அறையில் தோட்டா இருந்தே ஆகவேண்டும் என்போர் சொல்வதைக் கேட்போம். அதை எள்ளி நகையாடிவிட முடியாது. அதிலும் இயற்பியல் இருக்கிறது.

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல் அதிகாரி டென்னிஸ் டுயல்லர் 1983 இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடி தொலைவை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்று சோதித்துக் காட்டினார். 21 அடி என்பது 6.4 மீட்டர், எனவே அவனது சராசரி வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்கும் மேல். பயிற்சி பெற்றவர் துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறத்தாழ அதே ஒன்றரை வினாடி ஆகும். பிஸ்டலின் அறை காலியாக இருந்தால் சறுக்குப் பகுதியை இழுக்க மேலும் அரை வினாடியாவது வேண்டும். அதற்குள் எதிராளி 2 மீட்டர் நெருங்கிவிடுவான். மேலும், இழுப்பதற்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கை அடிபட்டிருந்தாலோ, குழந்தையைப் பிடித்திருந்தாலோ என்ன செய்வது?

கணக்குச் சரியானதே. ஆயினும் இது பாதிக் கணக்கு.

விடுபட்ட மறுபாதி

இவ்வாதம் அளக்கும் காலம் அரை வினாடி. அந்த அரை வினாடி ஒருவருடைய வாழ்நாளில் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் துப்பாக்கியைச் சுமக்கும் காலம் எவ்வளவு? நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் பத்தாண்டுகள் சுமப்பவருக்கு அது 43,800 மணி நேரம். வினாடிகளில் 15 கோடிக்கும் மேல். அவ்வளவு வினாடிகளிலும் அறையில் தோட்டா விழித்துக்கொண்டே இருக்கும். பேருந்தில் ஏறும்போதும், கழிவறைக்குச் செல்லும்போதும், அலமாரியில் வைக்கும்போதும் அது உறங்குவதில்லை.

காலையில் அணிவது ஒன்று, இரவில் கழற்றுவது ஒன்று என நாளுக்கு இருமுறை கையாண்டால் பத்தாண்டுகளில் 7,300 முறை ஆகிறது. பேச்சுக்காக, பத்தாயிரம் முறை கையாளும்போது ஒரே ஒருமுறை மட்டும் கை தவறும் என்று கொள்வோம். மிகக் கவனமான மனிதர்தான்! ஆயினும் நிகழ்தகவு விதிப்படி, பத்தாண்டுகளில் ஒரு முறையாவது கை தவறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு தவறும் வெடியில் முடியாது என்பது உண்மை. ஆனால் அறை காலியாக இருந்தால் எந்தத் தவறும் வெடியில் முடியாது. மறுதரப்பு கூட்ட மறந்த வரி இதுவே.

பூட்டு போதாதா?

இன்றைய துப்பாக்கிகளில்தான் பாதுகாப்பு அமைப்புகள் உள்ளனவே, பிறகென்ன அச்சம் என்று கேட்கலாம். வீட்டில் மின்விசிறியைப் பழுது பார்க்க வருபவரைக் கவனியுங்கள். அனுபவசாலி சுவிட்சை நிறுத்துவதோடு விடமாட்டார். பியூஸ் கட்டையையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை யாரேனும் போட்டுவிடலாம், சுவிட்சே பழுதாகியிருக்கலாம். பியூஸ் கட்டை பையில் இருக்கும்போது மின்சாரத்துக்கு வழியே இல்லை. துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு சுவிட்சைப் போன்றது. வெற்றறை பிடுங்கிய பியூஸ் கட்டையைப் போன்றது.

சுவிட்சு பழுதாவதற்கும் சான்று உண்டு. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 என்னும் பிஸ்டல், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பின்புறம் தரையில் மோதும்படி விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2017 இல் தெரியவந்தது. நியூட்டனின் முதல் விதியே இதற்கும் காரணம். துப்பாக்கி தரையில் மோதி நின்ற பிறகும், அதன் விசை தன் நிலைமத்தால் தொடர்ந்து நகர்ந்தது. எவரோ விரலால் அழுத்தியது போலவே ஆயிற்று. நிறுவனம் விசையின் எடையைக் குறைத்து, மாற்றித்தர முன்வந்தது.

துப்பாக்கியில் பழுதே இல்லாமலும் விபத்து நேரலாம். 2008 நவம்பரில் நியூயார்க் நகர விடுதி ஒன்றில், அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரஸ் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் கால்சட்டைக்குள் நழுவியது. அவர் அதைப் பிடிக்கப் போகையில் குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. நம் திரைப்படங்களில் கதாநாயகர்கள் உறையின்றிப் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படிகளில் தாவுகிறார்கள். அங்கே ஒருநாளும் அது வெடிப்பதில்லை. ஏனெனில் இயக்குநர் அனுமதிப்பதில்லை. இயற்கை எந்த இயக்குநரின் சொல்லையும் கேட்பதில்லை.

குழந்தையின் விரல்

இவை அனைத்தினும் துயரமானது 2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நிகழ்ந்தது. கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த தாய் ஒருவரின் கைப்பைக்குள் இரண்டு வயது மகன் கையை விட்டான். உள்ளே இருந்த கைத்துப்பாக்கி வெடித்துத் தாய் இறந்தார். அவர் முறையாக உரிமம் பெற்றிருந்தவர்.

பிஸ்டலின் விசையை அழுத்தப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று கிலோ எடைக்குச் சமமான விசை போதும். சறுக்குப் பகுதியை முழுவதும் பின்னிழுக்க, பல பிஸ்டல்களில் ஏழெட்டுக் கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். இரு கைகளும் வேண்டும். முதலாவதைக் குழந்தையின் விரல்களும் செய்துவிடும். இரண்டாவதை இரண்டு வயதுக் குழந்தையால் செய்ய முடியாது. அந்த வேறுபாட்டுக்குள் ஓர் உயிர் இருக்கிறது. அரை வினாடியை மிச்சப்படுத்தச் சொல்பவர்கள் இதற்கும் விடை சொல்ல வேண்டும்.

குண்டு எங்கே போகும்?

வெடித்த குண்டு எங்கேனும் போய்த்தானே ஆகவேண்டும்? 9 மி.மீ. பிஸ்டலின் குண்டு சுமார் 7.5 கிராம் நிறையும் வினாடிக்கு 360 மீட்டர் வேகமும் உடையது. காற்றே இல்லாவிட்டால் அது 13 கிலோமீட்டர் தொலைவு வரை செல்லும். காற்றின் தடையால் அத்தொலைவு 2 கிலோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. குறைந்தும் 2 கிலோமீட்டர்! அதாவது சுட்டவர் கண்ணுக்கு எட்டாத தொலைவு.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. விஜயாலய சோழீச்சரத்தால் புகழ்பெற்ற நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான்.

அச்சிறுவன் இறந்தது மறைத்து வைத்த துப்பாக்கியால் அன்று என்பது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அது பயிற்சிக்கென்று ஒதுக்கிய இடம். சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர். எந்தத் திசையில் சுடுகிறோம் என்று அறிந்தே சுட்டனர். அங்கிருந்தே ஒரு குண்டு வீட்டுக்குள் வந்ததென்றால், பேருந்து நிலையத்திலோ திருமண மண்டபத்திலோ திசையும் இலக்கும் இல்லாமல் புறப்படும் குண்டு யாரைத் தேடிப் போகும்? அறையில் தோட்டா வேண்டும் என்போர், சுமப்பவரின் பாதுகாப்பை மட்டுமே தராசில் வைக்கிறார்கள். குண்டு பாயும் வழியில் இருப்பவர் அந்தத் தராசில் ஏறவே இல்லை.

நம் முடிவு

ஆயுதந்தாங்கிய எதிரியைப் பிடிக்கச் செல்லும் காவலருக்கு அந்த அரை வினாடி தேவைப்படலாம். அவருக்குத் தொடர்ந்த பயிற்சி உண்டு. விசையை மூடிக் காக்கும் உறை உண்டு. பணி முடிந்ததும் ஒப்படைக்கும் முறையும் உண்டு. இவை எதுவும் இல்லாத தனி மனிதர் அவரைப் பார்த்து அறையை நிரப்பிக்கொள்வது, வாதத்தின் ஒரு பாதியை மட்டும் இரவல் வாங்குவதாகும். ரிவால்வர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. சுத்தியலுக்கு நேரே மட்டும் அறையை வெறுமையாக விட்டால், விழுவதிலிருந்து காப்பு கிடைக்கலாம். விசை அழுத்தப்படுவதிலிருந்து கிடைக்காது. விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். வீட்டில் வைக்கும்போது உருளை முழுவதையும் காலி செய்துவிட்டுப் பூட்டி வைப்பதே முறை.

சட்டமும் 'தவறுதலாக' என்ற சொல்லை முழுமையாக ஏற்பதில்லை. ஆயுதச் சட்டத்தில் 2019 இல் செய்த திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கவனக்குறைவாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மாணவர்கள் மூன்று விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எந்தத் துப்பாக்கியையும் நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும். அதன் முனை எவரையும் நோக்கக் கூடாது. சுடும் கணம் வரும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. கேட்பாரற்றுக் கிடக்கும் துப்பாக்கியைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

இனி 'துப்பாக்கி தவறுதலாக வெடித்தது' என்று படிக்கும்போது, அறையில் தோட்டாவை வைத்தது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள்.