வெறுத்துக்கொண்டே ஆடியவர்

விளையாட்டு ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடித்த வீரரின் வாழ்க்கையிலிருந்து தனக்கென்று ஒரு வாசகத்தை எடுத்து வைத்துக்கொள்வது. என் கணினித் திரையில் வருடக்கணக்காக ஆந்த்ரே அகஸ்ஸியின் படம்தான் இருந்தது. 1999 பிரெஞ்ச் ஓபன் இறுதியில் மெத்வதேவிடம் முதல் இரண்டு செட்களை 1-6, 2-6 என்று இழந்து, அடுத்த மூன்றையும் வென்று கோப்பையைத் தூக்கிய நாள். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வாசகம்: நேசிக்கிற வேலையைச் செய்பவன் விழுந்தாலும் எழுந்துவிடுவான்.

2009இல் வெளியான அவருடைய தன்வரலாறான ‘ஓப்பன்’ தொடக்கத்திலேயே இந்த வாசகத்தை அழித்துவிடுகிறது. டென்னிஸை வெறுக்கிறேன் என்கிறார் அகஸ்ஸி. ஒருமுறை சொல்லிவிட்டு நகர்வதில்லை, புத்தகம் நெடுகச் சொல்கிறார். அட, இவருக்கே பிடிக்கலைன்னா நான் எதைப் பார்த்து இத்தனை வருஷம் கைதட்டினேன்?

வெறுப்புக்குக் காரணம் வலுவானது. அப்பா மைக், 1948, 1952 ஒலிம்பிக்ஸில் ஈரானுக்காகக் குத்துச்சண்டையில் இறங்கியவர். லாஸ் வேகஸ் வீட்டின் பின்புறத்தில் டென்னிஸ் தளம் அமைத்து, பந்து எறியும் இயந்திரத்தைத் தன் கையாலேயே திருத்தி இன்னும் மூர்க்கமாக்கினார். ஏழு வயதுப் பையனின் கண்ணுக்கு அது டிராகன். தினம் 2,500 பந்துகள். வருடத்துக்குப் பத்து லட்சம் பந்துகளை அடிக்கும் பிள்ளையை யாராலும் தோற்கடிக்க முடியாது என்பது அப்பாவின் கணக்கு. இந்தக் கணக்கு எனக்கு அந்நியமாகப் படவில்லை. ‘தினம் இத்தனை சம் போட்டா இன்ஜினியரிங் சீட்டு நிச்சயம்’ என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

புத்தகத்தின் பலம், அவமானங்களைச் சொல்லும் விதம். 1990 பிரெஞ்ச் ஓபன் இறுதியில் எதிரே நின்ற கோமெஸைவிட, தன் தலையிலிருந்த டோப்பா கழன்றுவிடுமோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். சிரிக்கலாம், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியாது.

குறைகளும் உண்டு. எழுத்துக்குத் துணை நின்றவர் புலிட்சர் விருது பெற்ற மோரிங்கர். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று மறுத்தவர். அவருடைய தேர்ந்த கை பல இடங்களில் வாழ்க்கையை நாவல்போல ஒழுங்காக்கிவிடுகிறது. வாழ்க்கை இவ்வளவு சரியான இடங்களில் திரும்புமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. 1997இல் போதைப்பொருள் பரிசோதனையில் சிக்கியபோது, தெரியாமல் குடித்துவிட்டதாகப் பொய்க் கடிதம் எழுதித் தப்பித்ததையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஓய்வுபெற்று மூன்று வருடம் கழித்துச் சொல்லும் உண்மைக்கு அவர் கொடுக்கும் விலை குறைவு. விமர்சகர்கள் புகழும் அந்த நேர்மையை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு பகுதி. அதே 1997 நவம்பரில் தரவரிசையில் 141ஆம் இடத்துக்குச் சரிகிறார். விம்பிள்டன் வென்றவர், எண் அட்டைகளைக் கையால் மாற்றும் ஸ்கோர்போர்டு உள்ள சின்னச் சின்ன சேலஞ்சர் போட்டிகளில் போய் ஆடுகிறார். சொந்த ஊரில் நடந்த போட்டியின் இறுதியில் தோற்கவும் செய்கிறார். டென்னிஸ் மீது காதல் திரும்பிவிட்டது என்று அங்கேயும் அவர் சொல்வதில்லை. ஆனால் ஏழு வயதில் ஆடியது அப்பாவின் ஆட்டம். இருபத்தேழு வயதில், யாரும் தள்ளாமல், தானாக எடுத்துக்கொண்டது இந்த ஆட்டம்.

பத்து வருடத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதுகிறேன். பாதி நாட்கள் அந்த வேலை எனக்குப் பிடிப்பதில்லை. சுற்றிலும் எல்லோரும் ‘பேஷன்’ பற்றிப் பேசும்போது, இதை ஒரு குறைபாடுபோல மறைத்துக்கொண்டே இருந்தேன். வேலையை நன்றாகச் செய்யக் காதல் கட்டாயமில்லை, ஆனால் அதை நாமே ஒருமுறை தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் புத்தகத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. இதையே பிள்ளைகளை விரட்டும் அப்பாக்கள் தங்களுக்குச் சாதகமாகப் படிக்கவும் கூடும். அவர்கள் டிராகன் வரும் பக்கங்களை இன்னொரு முறை படிக்கட்டும்.

திரையில் இருக்கும் படத்தை நான் மாற்றவில்லை. அந்தப் பாரிஸ் கோப்பைக்கு முன்னால் இப்போது எனக்குக் கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டும் தெரிகிறது.