கேளாமல் எழுதும் பொறி

திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்த காலத்தில், அவர்தம் மாணாக்கருள் ஒருவரான வடக்குத் திருவீதிப் பிள்ளை, பகலிற் கேட்டவற்றை இரவில் ஏட்டில் எழுதி வந்தார் என வைணவக் குருபரம்பரை கூறும். அவ்வாறு எழுந்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஏட்டைக் கண்ட ஆசிரியர் தம் கருத்துப் பழுதின்றி அமைந்திருத்தல் கண்டு மகிழ்ந்தார். ஆயினும், தம் இசைவு பெறாமல் எழுதியது ஏன் என்று வினவினார் என்பதும் அவ்வரலாறே. அதே நம்பிள்ளையிடம் பாடம் கேட்ட பெரியவாச்சான் பிள்ளை, அவர் பணித்தவாறு இருபத்து நாலாயிரப்படியை இயற்றினார். ஆசிரியர் ஒருவரே, கேட்டவர் இருவர், ஆதலின் உரையும் இரண்டாயிற்று.

இன்று அம்மாணாக்கர் இருந்த இடத்தில் ஒரு மென்பொருள் அமர்ந்திருக்கின்றது. கோயில் மண்டபத்திலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் நிகழும் பேருரைகள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. பதிவைக் கணினியில் இட்டால், ஒரு மணி நேரப் பேச்சு சில நிமிடங்களில் எழுத்துப்படியாக வெளிவருகின்றது. அதோடும் நின்றுவிடவில்லை. மற்றொரு மென்பொருள் அப்படியை எடுத்துக் கட்டுரையாகவும், அன்றாடத் தியானக் குறிப்பாகவும், இளைஞர் வகுப்புக்குரிய வினாக்களாகவும் வார்த்துத் தருகின்றது. செவிப்புலன் குன்றியோர்க்கு இஃது ஒரு பெரும்பேறு. பத்தாண்டுப் பேச்சுக்களுள் ஒரு செய்தியைத் தேடி எடுக்க விரும்புவோர்க்கும் பயன் உண்டு. அதனை மறுத்தல் அறியாமையாகும். அவ்வெழுத்தைப் பேசியவர் பெயரால் வெளியிடும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது.

இப்பொறி எவ்வாறு எழுதுகின்றது? 2022-ஆம் ஆண்டு ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்னும் மென்பொருள், இணையத்தில் திரட்டிய 680,000 மணி நேர ஒலியைக்கொண்டு பயிற்றப்பட்டது. ஒலியை முப்பது முப்பது விநாடிகளாகத் துணித்து, ஒவ்வொரு துணுக்கிலும் இன்ன சொல்லுக்குப்பின் இன்ன சொல் வருதல் கூடும் என்று உய்த்து எழுதிச் செல்லும். கேட்டலில் பாதி, ஊகித்தலில் பாதி என்க. அதனால் ஒலியே இல்லாத இடத்திலும் சிலபோது சொல் முளைக்கின்றது. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விஸ்பர் எழுதிய படிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றில், பேசியவர் வாயில் வாராத தொடர்கள் முழுமையாகப் புகுந்திருத்தலைக் காட்டிற்று. இடையிடையே நெடுநேரம் நிறுத்திப் பேசுவோரிடத்து இக்குற்றம் மிகுதி. நல்ல சமயப் பேச்சாளர் எவரும் இடம் அறிந்து நிறுத்துபவரே அல்லரோ? அவர் அவையினரைச் சிந்திக்கவிட்ட அமைதியைப் பொறி தன் சொல்லால் நிரப்பிவிடக்கூடும்.

மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பன்மொழிப் பொறியின் வரலாறு இன்னும் சுவையானது. 1,100-க்கு மேற்பட்ட மொழிகளை அதற்குக் கற்பிக்கப் பெரிதும் உதவியவை, புதிய ஏற்பாட்டை அவ்வம்மொழியினர் உரக்கப் படித்த பதிவுகள். மொழி ஒன்றுக்குச் சராசரி 32 மணி நேரம். மறைநூலே பொறிக்கு அரிச்சுவடியாயிற்று. ஆயினும், அது கற்றது படிப்பைத்தான், பேருரையை அன்று. நூலைப் படிப்பவர் ஒரு சீராகச் செல்வர். பேருரையாளரோ தாழ்வார், உயர்வார், பாடுவார், ஒரு சொல்லை மும்முறை அடுக்குவார்.

தமிழில் இடர் பின்னும் பெரிது. பேச்சாளர் மறைநூலைச் செந்தமிழில் எடுத்தோதி, அடுத்த மூச்சில் பேச்சுத்தமிழுக்கு இறங்குகின்றார். நம் நாடுகளில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஊடே வரும். லகர ளகர ழகரங்களைப் பலர் வாய் வேறுபடுத்துவதில்லை. “பாவத்தை விலக்கு” என்றாரா, “பாவத்தை விளக்கு” என்றாரா? கேட்போன் இடம் நோக்கித் தெளிவான். பொறி எது மிகுதியாக வழங்குவதோ அதன் பக்கம் சாய்கின்றது. தமிழாசிரியர்கள் ஆண்டு முழுதும் மாணவரிடம் திருத்தும் பிழை, ஈண்டு அச்சுப்போல் அழகாக வந்து அமர்ந்துகொள்கின்றது.

இப்பொறிகளின் தரத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. மாறிய சொல், விடுபட்ட சொல், மிகையாகப் புகுந்த சொல் ஆகிய மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் தொகையால் வகுப்பர். கணக்கு நேர்மையானதே, ஆயின் அதற்குப் பொருள் தெரியாது. “வந்து” என்னும் அசைச்சொல் விடுபட்டாலும் ஒரு பிழை. “மன்னிக்க முடியாது” என்பது “மன்னிக்க முடியும்” என்று திரிந்தாலும் ஒரு பிழை. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் ஒடுங்கியிருப்பது. நூறு சொல்லில் ஒன்றே பிழைத்தது என்று விற்பனையாளர் பெருமை கொள்ளலாம். அந்த ஒன்று எது என்று கேட்கவேண்டியவர்கள் படிப்பவர்கள்.

எழுத்துப்படி கட்டுரையாகும் இடத்தில் இதனினும் நுண்ணிய கேடு நேர்கின்றது. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை ஏற்றாற்போற் கூறிப் பின் களைதலும் ஒன்று. சமய மேடையில் அது நாள்தோறும் வழங்கும் உத்தி. பேச்சாளர் பத்து நிமிடம் மாற்றாருக்காக வாதாடி, ஒரு புன்னகையோடு அதனை வீழ்த்துவார். புன்னகை பதிவில் இல்லை. சுருக்கி எழுதும் பொறி பத்து நிமிட வாதத்தைப் பேச்சாளர் கருத்தாகவே வரைந்துவிடுதல் கூடும். சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் பிறர் மதம் கூறும் பகுதியை மட்டும் கிள்ளி எடுத்து, அதுவே அருணந்தி சிவாசாரியர் கொள்கை என்றால் எப்படியிருக்கும்? அடுக்கிய சொல்லும் கட்டுரையில் ஒன்றாகிவிடுகின்றது. “நீ என்ன செய்தாய்?” என்று அவையை நோக்கி எறிந்த வினா, “நாம் சிந்திக்கவேண்டும்” என்று பல் பிடுங்கிய பாம்பாகின்றது. யார் பேசினும் கட்டுரை ஒரே நடை. கிராமத்துப் போதகரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒருவரே போல் எழுதத் தொடங்கிவிடுகின்றனர்.

பேச்சை எழுதுதலே தவறு என்பதன்று கருத்து. ஜெனீவாவில் கால்வின் ஏடின்றிப் பேசியவற்றை எழுத, 1549-இல் தெனி ரகெனியே என்னும் சுருக்கெழுத்தர் அமர்த்தப்பட்டார். ஆண்டுக்கணக்கில் ஒரே குரலைக் கேட்டுப் பழகிய செவி அவருடையது. இலண்டனில் ஸ்பர்ஜன் ஞாயிறன்று பேசியதைச் சுருக்கெழுத்தர் எழுத, திங்களன்று அவரே அமர்ந்து திருத்தினார், பின்னரே அச்சேறியது. 1855 முதல் வாரந்தோறும் வெளிவந்த அவ்வுரைகள், 1892-இல் அவர் மறைந்த பின்னும் 1917 வரை தொடர்ந்து வந்தன. வாரத்தில் ஒரு நாளை அவர் அதற்கெனக் கொடுத்தார். மென்பொருள் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்வது அந்தத் திங்கட்கிழமையைத்தான்.

ஆதலின் இத்தகைய கட்டுரை ஒன்று கைக்கு வரும்போது, பேசியவர் இதனைப் பார்த்தாரா, அவர் இல்லையெனில் அவையில் இருந்து கேட்ட ஒருவரேனும் பதிவோடு ஒத்துப் பார்த்தாரா என்று வினவுதல் முறை. பொறி எழுதியது எனின் அதனை முகப்பிலேயே குறிக்கலாம். கட்டுரையோடு மூல ஒலிப்பதிவையும் கிடைக்கச் செய்யலாம். இவை பெருஞ்செலவுள்ள காரியங்கள் அல்ல. படியைத் திருத்த ஒருவரும் இல்லாத சபையோ கோயிலோ, கட்டுரையை விடுத்து ஒலிப்பதிவை மட்டும் வழங்கினால் போதும். அதில் அவர் குரலாவது அவருடையதாக இருக்கும்.