‘வேண்டாமா’ என்று முடியும் கேள்வி

மலேசியாவில் பெருநாள் நெருங்கினால் பலகாரத்துக்கு முன்னால் பெட்ரோனாஸ் விளம்பரம் வந்துவிடும். தொண்ணூறுகளிலிருந்து இதுதான் வழக்கம். அதில் பெட்ரோல் நிலையம் இருக்காது, எண்ணெய் விலையும் இருக்காது. ஒரு அம்மா, ஒரு மகன், ஒரு பழைய வீடு என்று ஏதாவது இருக்கும். கடைசியில் லோகோ வரும்போது நம் கண் கலங்கியிருக்கும். இந்த வகைக்கு ஒரு முகம் கொடுத்தவர் யாஸ்மின் அஹ்மட். லியோ பர்னெட்டின் கோலாலம்பூர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சினிமாவும் எடுத்தவர். 2009 ஜூலையில், 51 வயதில் இறந்துபோனார். அவர் விளம்பரங்களை நினைத்து உருகி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த உருக்கம் எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் பேசலாம்.

அவருடைய 2007 மெர்டேக்கா விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து 50 ஆண்டு. ஆரம்பப் பள்ளி வயதில் ஒரு சீனப் பையன். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவனிடம் பேச்சுக் கொடுக்கிறது. தனக்கு ஒரு மலாய்ச் சிறுமியைப் பிடிக்கும், ஆனால் அது ரகசியம் என்கிறான். பிறகு அவளிடமே ‘உன் பாய்ஃபிரண்ட் யார்’ என்று கேட்கிறார்கள். அவள் அவன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். பையனுக்கு அதிர்ச்சி. இருவரும் கைகோத்து நடந்து போகிறார்கள். பிறகு எழுத்து வருகிறது: நம் பிள்ளைகளுக்கு நிறபேதம் தெரியாது, அவர்களை அப்படியே வைத்திருக்க வேண்டாமா?

முதல் உத்தி, சாட்சி. அரசியல்வாதி இன ஒற்றுமை பற்றிப் பேசினால் நாம் சேனல் மாற்றுவோம். குழந்தை பேசினால் மறுத்துப் பேச நமக்கு வாயே வராது. ஏனென்றால் குழந்தை நம்மிடம் எதையும் விற்கவில்லை.

இரண்டாவது, பொருளை மறைத்து வைப்பது. உணர்ச்சி முதலில் வருகிறது, அதன் சொந்தக்காரர் கடைசியில் வருகிறார். பெட்ரோனாஸ் 1974-இல் தொடங்கிய அரசு நிறுவனம். லோகோ வரும் இடத்தில் நாட்டின் குரலும் நிறுவனத்தின் குரலும் ஒன்றாகிவிடுகின்றன.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கடைசிக் கேள்வி. ‘வேண்டுமா’ என்று கேட்டால் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பதில் உண்டு. ‘வேண்டாமா’ என்று கேட்டால் பதிலைக் கேள்வியே வைத்திருக்கிறது. யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்வார்களா? அதோடு அந்த ‘நாம்’ யார் என்பதையும் கவனிக்கணும். பிள்ளைகளுக்கு நிறம் கற்றுக்கொடுப்பது வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தானா? பாரத்தில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது யார் போட்டது? விளம்பரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதே வருஷம் நவம்பர் 25-இல் ஹிண்ட்ராஃப் பேரணிக்காக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும்தான் பதிலாகக் கிடைத்தன. ஆகஸ்டில் நம்மை நெகிழ வைத்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் இவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று நவம்பரிலிருந்து திரும்பிப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது.

சரி, யாஸ்மினுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். அதற்குச் சாட்சி 2009-இல் வந்த அவருடைய கடைசிப் படம் ‘டேலண்டைம்’. அங்கேயும் இனம் தாண்டிய காதல்தான். காது கேட்காத இந்துப் பையன் மகேஷ், கலப்புக் குடும்பத்து முஸ்லிம் பெண் மெலூர். ஒத்திகைக்கு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவது அவன் வேலை. ஆனால் இங்கே பெரியவர்கள் உள்ளே வருகிறார்கள். மகேஷின் மாமாவுக்குக் கல்யாணம் நடக்கும் நாளில் பக்கத்து வீட்டில் சாவு. தகராறு மூண்டு மாமா கொல்லப்படுகிறார். அதற்குப் பிறகு ஒரு முஸ்லிம் பெண்ணை மகன் விரும்புவதை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. அவருடைய கோபம் நமக்குப் புரிகிறது. நியாயம் இல்லை என்று தெரிந்தும் புரிகிறது.

விளம்பரத்தில் இல்லாத ஆள் இந்த அம்மாதான். அவர் ஃபிரேமுக்குள் வந்திருந்தால் ‘வேண்டாமா’ என்று கேட்டிருக்க முடியாது. ஒரே கலைஞர், ஒரே விஷயம். நிறுவனத்துக்காக எடுத்தபோது கைகோத்து நடக்கும் இடத்தில் நிறுத்தினார். தனக்காக எடுத்தபோது அவர்கள் நடந்துபோய்ச் சேரும் வீட்டுக் கதவைத் திறந்தார். அந்தக் குழந்தைகள் பொய் சொல்லவில்லை. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ததில்தான் விளம்பரம் இருக்கிறது.

இதை ஓர் இலக்கிய இதழில் எழுதக் காரணம் இருக்கு. நம் ஊர்ச் சிறுகதைகள் பலவற்றில் இதே வெட்டு வந்துவிட்டது. தோட்டத்துப் பாட்டி, நகரத்துக்குப் போன பேரன், கடைசிப் பத்தியில் ஒரு பழைய சேலை, கண்ணீர். பாட்டி ஏன் அந்த வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டார், பேரன் அப்போது என்ன கையெழுத்துப் போட்டான் என்று கதை கேட்பதில்லை. வாசகர் அழுதால் போதும் என்று நின்றுவிடுகிறது. லோகோ மட்டும்தான் பாக்கி.

விளம்பரத்தையும் படத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். பிறகு நீங்கள் கடைசியாக எழுதிய கதையை எடுத்து, அதில் யாருடைய அம்மா வெளியே நிற்கிறார் என்று தேடிப் பாருங்கள்.