ஆள்வோருக்குப் பாடம் சொல்லும் பளிங்கு

ஆம்ஸ்டர்டாம் நகரின் டாம் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனையின் மாடிக் கூடத்தில், ஒரு கதவுக்கு மேலே இகாருஸ் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான். மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு சூரியனை நெருங்கி, மெழுகு உருகிக் கடலில் விழுந்த கிரேக்கக் கதையின் இளைஞன் அவன். அவனுக்குக் கீழே தொங்கும் பளிங்குத் தோரணத்தில் காலிப் பணப்பெட்டியும், கட்டப்படாத கடன் சீட்டுகளும், அவற்றைக் கொறிக்கும் எலிகளும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கதவுக்குப் பின்னால் இயங்கியது, திவாலானவர்களின் சொத்துகளைக் கணக்கெடுக்கும் அலுவலகம்.

இன்று அரச மாளிகை என்று பெயர் பெற்றிருக்கும் இந்தக் கட்டடம் நகரசபைக்காகக் கட்டப்பட்டது. இதன் பெருமையை அளவிலும் செல்வத்திலும் காண்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இதன் உயிர் இத்தகைய கதவு முகப்புகளில்தான் இருக்கிறது. உள்ளே அமர்ந்து அதிகாரம் செலுத்துபவனின் தலைக்கு மேல் அவனுடைய கடமையையும் ஆபத்தையும் செதுக்கி வைத்த கட்டடம் இது.

1648இல் ஸ்பெயினுடன் நடந்த எண்பது ஆண்டுப் போர் முடிந்தது. அரசன் இல்லாத குடியரசாக ஹாலந்து உலகின் முன் நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, நகரத் தலைவர் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு சிறுவர்கள் புதிய நகரசபைக்கு அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1652 ஜூலையில், பக்கத்தில் இருந்த பழைய நகரசபை எரிந்து போனது. இரண்டு நாள் கழித்து ரெம்ப்ராண்ட் அதன் கரிந்த சுவர்களை வரைந்து வைத்தார். 1655 ஜூலை 29 அன்று, முழுதும் முடியாத நிலையிலேயே புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

நகரின் மண் சேறும் மட்கிய தாவரங்களும் கலந்த சதுப்பு. ஆழத்தில் இருக்கும் மணல் படுகையை எட்டும்வரை மரக்கம்பங்களை அடித்து இறக்கினால்தான் அதன் மீது கல் நிற்கும். இந்தக் கட்டடத்தைத் தாங்குபவை 13,659 கம்பங்கள். ஆண்டின் நாட்களான 365க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் சேர்த்து டச்சுப் பிள்ளைகள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வார்கள். நிலத்தடி நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மரத்தைக் காற்று தொடுவதில்லை. அதனால் உளுப்பும் எளிதில் அணுகுவதில்லை. செங்கல்லுக்குப் பழகிய நாட்டில் ஜெர்மனியின் பெந்தைம் பகுதியிலிருந்து மணற்கல்லைக் கொண்டுவந்து சுவரெழுப்பியது நகரத்தின் துணிச்சல். அன்று வெளிர் மஞ்சளாக ஒளிர்ந்த அந்தக் கல் காலப்போக்கில் கறுத்துவிட்டது.

வடிவமைத்தவர் யாக்கோப் ஃபான் காம்பன். ஓவியராகத் தொடங்கியவர், இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஸ்கமோட்ஸியின் நூல்களில் ஊறியவர். முகப்பில் இரண்டு வரிசைச் சுவர்த்தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. கீழே கலப்புப் பாணி, மேலே கொரிந்தியப் பாணி. இந்த அடுக்குமுறை ஸ்கமோட்ஸி வகுத்தது. சாளரங்களின் அளவுகளும் இடைவெளிகளும் இசையின் தாளம்போல் மாறாமல் திரும்புகின்றன. அகன்ற பெருவாசல் எதுவும் கிடையாது. குடியரசின் ஏழு மாகாணங்களைக் குறிக்கும் ஏழு சிறிய வளைவுகள் மட்டுமே. இவ்வளவு பெரிய முகத்துக்கு இவ்வளவு அடக்கமான நுழைவு வைத்ததில் ஒரு கொள்கை தெரிகிறது: இங்கே பவனி வரும் மன்னன் இல்லை.

கட்டட வேலையில் கருத்து வேறுபாடு முற்றி 1654இல் ஃபான் காம்பன் விலகினார். நகரின் கட்டடக் கலைஞர் டானியல் ஸ்டால்பார்ட் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் கட்டடத்துக்குப் பேச்சைக் கொடுத்தவர் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த சிற்பி ஆர்ட்டுஸ் குவெல்லினுஸ். அவரும் அவருடைய பட்டறையினரும் பல ஆண்டுகள் இங்கே உளியோடு இருந்தார்கள். அவர் சுடுமண்ணில் செய்த மாதிரிகள் பல ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. விரல் அழுத்தத்தின் தடம் படிந்த அந்த மாதிரிகளைப் பார்த்தவர்களுக்கு, பளிங்கில் அவர் தோலின் மென்மையைக் கொண்டுவந்த விதம் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

குவெல்லினுஸின் உச்சத்தைத் தரைத்தளத்து நீதிமன்ற அறையில்தான் காண்கிறேன். மரண தண்டனையை அறிவிப்பதற்கென்றே அமைந்த அறை அது. தீர்ப்பைப் பொதுமக்கள் வெளியிலிருந்து காணும்படி அதன் சாளரங்கள் சதுக்கத்தைப் பார்த்திருந்தன. நீதிபதிகளின் இருக்கைக்குப் பின்னால் மூன்று புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில், குழந்தைக்காக வாதாடும் இரண்டு தாய்மார் முன் சாலமோன். இன்னொன்றில் சட்டம் இயற்றிய ஸலூக்குஸ்: குற்றவாளியின் இரு கண்களையும் பறிக்க வேண்டும் என்று அவன் வகுத்த சட்டத்தில் அவன் மகனே சிக்கியபோது, மகனின் ஒரு கண்ணையும் தன் ஒரு கண்ணையும் கொடுத்தவன். மற்றொன்றில் புரூட்டஸ்: முடியாட்சியை மீட்கச் சதி செய்த தன் புதல்வர்களுக்கு மரணம் விதித்த ரோமக் குடியரசின் முதல்வன்.

ஞானம், இரக்கம், கண்டிப்பு என்று மூன்றையும் நீதிபதிக்கு நினைவூட்டுவதோடு சிற்பி நின்றிருக்கலாம். ஆனால் அவர் இந்தக் காட்சிகளுக்கு இடையே பெண் உருவங்களைத் தூண்களாக நிறுத்தினார். சுமை தாங்கும் அவர்களில் சிலர் வெட்கமும் துயரமும் தாளாமல் முகத்தைக் கைகளில் புதைத்திருக்கிறார்கள். தண்டனை நியாயமாகவே இருந்தாலும் ஓர் உயிர் போகப்போகிறது என்பதை அந்த உடல்கள் சொல்கின்றன. நீதியின் வெற்றியைப் பறைசாற்ற வேண்டிய இடத்தில் துக்கத்தை நிறுத்திய இந்த முடிவுக்கு இணையாக 17ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

மாடியில் இருக்கும் குடிமக்கள் கூடம் இதற்கு நேர் எதிரான மனநிலை. பளிங்குத் தரையில் பூமியின் இரண்டு அரைக்கோளங்களும் வட வானின் விண்மீன் வரைபடமும் பதிந்திருக்கின்றன. அன்று ஊர்க்காரர் எவரும் உள்ளே வந்து உலகத்தின் மீது நடக்க முடிந்தது. ஒரு முனையில் ஆம்ஸ்டர்டாம் கன்னி வீற்றிருக்கிறாள். எதிர் முனையில் பேராசையையும் பொறாமையையும் காலடியில் மிதித்து நீதி அமர்ந்திருக்கிறாள். நீதிக்கு மேலே அட்லஸ் வானத்தைச் சுமக்கிறான். சுற்றியுள்ள கூடங்களில் கோள்களின் தெய்வங்கள். பிரபஞ்சத்தின் நடுவே தன்னை வைத்துக்கொண்ட நகரத்தின் கர்வம் இது. அந்தக் கர்வமும் நீதியின் எதிரில்தான் உட்கார வேண்டியிருந்தது.

இந்தக் கூடத்தை ஒட்டித்தான் அலுவலகங்களின் கதவுகள். கப்பல் காப்பீட்டு அறைக்கு மேலே, கடலில் குதித்தபின் டால்பின் முதுகேறிக் கரைசேர்ந்த பாடகன் ஆரியோன். செயலாளர் அறைக்கு மேலே, இறந்த எஜமானின் உடலைக் காக்கும் நாயும், உதட்டில் விரல் வைத்த மௌனத்தின் உருவமும். நகரத் தலைவர்களின் அறையில் ஃபெர்டினாண்ட் போலும் கோவர்ட் ஃபிளிங்கும் 1656இல் வரைந்த ஓவியங்கள்: யானையைக் காட்டி மிரட்டியும் அசையாத ரோமர் ஃபாப்ரிசியுஸ், லஞ்சமாக வந்த பொன்னைத் தள்ளிவிட்டு எளிய காய்கறி உணவோடு நிறைவடைந்த ரோமர் டென்டாட்டுஸ். அச்சத்துக்கும் பொன்னுக்கும் வளையாதே என்பதை நகரத் தலைவர்கள் நால்வரும் தினமும் பார்த்துக்கொண்டே முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது.

1656இல் ரெம்ப்ராண்ட் கடனில் மூழ்கியபோது, அவர் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்தது இகாருஸின் கீழ் இயங்கிய அந்தத் திவால் அலுவலகமே. ஆனாலும் 1660இல் ஃபிளிங்க் இறந்த பிறகு, கூடங்களுக்கான ஓவியங்களில் ஒன்று ரெம்ப்ராண்ட் கைக்கு வந்தது. டச்சுக்காரர்களின் மூதாதையராகக் கருதப்பட்ட படாவியர்கள் ரோமுக்கு எதிராக எழுந்தபோது எடுத்த சபதம் என்ற கருப்பொருளில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் சதுர ஓவியத்தை வரைந்தார். ஒற்றைக் கண் தலைவன் கிளாடியுஸ் சிவிலிஸை, குருட்டுக் கண்ணை மறைக்காமல், நேர்முகமாக, முரட்டு ஒளியில் அமர்த்தினார். மாட்டிய ஓவியம் 1662இல் இறக்கப்பட்டது. அந்த இடத்துக்கு யூர்கன் ஓவன்ஸ் அவசரமாக ஒன்றை முடித்துக் கொடுத்தார். வெட்டிக் குறைக்கப்பட்ட ரெம்ப்ராண்டின் நடுப்பகுதி இன்று ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. இந்தக் கட்டடத்தின் பெரிய இழப்பு அது. தன்னைத் திருத்தும் கலையைக் கேட்டு வாங்கிய நகரத்தால், தன் மூதாதையரைக் கரடுமுரடாகக் காட்டிய உண்மையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. பின்புற முக்கோண முகட்டில் கண்டங்கள் தத்தம் பொருள்களை ஆம்ஸ்டர்டாமின் காலடியில் வைக்கின்றன; ஆசியா ஒட்டகத்தோடு வருகிறாள். கட்டடம் திறந்து மூன்றே ஆண்டில், 1658இல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தது. சோழமண்டலத் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளின் வாசனைப் பொருள்களை வாங்குவது அதன் வணிகத்தின் அச்சாணி. முகட்டில் மனமுவந்த காணிக்கையாகத் தோன்றுவது துறைமுகங்களில் பீரங்கியோடு நடந்தது. சூரினாம் காலனியின் உரிமையில் பங்கு வாங்கி அடிமை முறையாலும் நகரம் பயனடைந்தது. 2021 ஜூலை 1 அன்று அதற்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் மன்னிப்புக் கேட்டார். கதவுகளுக்கு மேலே இருந்த அறிவுரை கடல் தாண்டவில்லை.

1808இல் நெப்போலியனின் தம்பி லூயி, ஹாலந்தின் மன்னராக இங்கே குடியேறினார். முகப்பில் மாடம் சேர்த்தார். பார்வையை மறைத்த எடை மண்டபத்தை இடித்தார். கூடங்களைத் தடுத்து அறைகளாக்கினார். முடியாட்சியை எதிர்த்த புரூட்டஸின் சிற்பத்துக்கு மேல் ஒரு மன்னர் வாழ்ந்தார். 1936இல் நாட்டின் அரசு கட்டடத்தை நகரத்திடமிருந்து வாங்கியது. பிற்காலச் சீரமைப்புகள் தடுப்புகளை நீக்கிப் பழைய கூடங்களை மீட்டுத் தந்திருக்கின்றன.

போகிறவர்கள் மாளிகையின் சரவிளக்குகளில் நேரம் செலவிடாமல் கதவுகளுக்கு மேலே பாருங்கள். ஆளுபவர்கள் தங்களைப் புகழும் சிலைகளை எல்லா ஊர்களிலும் வைத்திருக்கிறார்கள். தங்கள் பேராசையையும் கோழைத்தனத்தையும் முன்கூட்டியே சந்தேகித்து, தங்கள் செலவிலேயே, தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே எச்சரிக்கையைச் செதுக்கச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அந்த எச்சரிக்கையைப் பல நேரம் அவர்களே மீறினார்கள் என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. எந்த அளவுகோலால் தங்களை நிறுக்க வேண்டும் என்பதை அவர்களே நமக்கு விட்டுப்போயிருக்கிறார்கள். அதைக் கொண்டே இன்று அவர்களை நிறுக்கிறோம். ஒரு பொதுக் கட்டடத்திடம் நான் எதிர்பார்க்கும் அழகு அதுவே.