சுருக்கமும் குறைப்பும்

நீண்ட உரைப்பகுதியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைதல் தமிழ் வகுப்புகளில் நெடுநாள் வழங்கும் பயிற்சியாகும். அப்பணியை இன்று கணினியும் மேற்கொண்டுள்ளது. ஒரு மணி நேரச் செய்திக் காணொளியிலிருந்து முதன்மையான கணங்களைத் தானே தெரிந்து, சில நிமிடங்களில் கோத்துத் தருகிறது. அது தருவது சுருக்கந்தானா என்பது ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1994-இல் தொடங்கிய 'இன்பர்மீடியா' திட்டம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அடுத்தடுத்த படங்களின் வண்ணப் பரவல் திடீரென வேறுபடின், அங்கே காட்சி மாறியதெனக் கணினி கொள்ளும். பேச்சை எழுத்தாக்கி, பிற செய்திகளில் அருகியும் இச்செய்தியில் பெருகியும் வரும் சொற்களைத் தேடும். மனித முகமும் திரையெழுத்தும் தோன்றும் இடங்களுக்குச் சிறப்பளிக்கும்.

நூலின் அழகு பத்தினுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த நன்னூலார், விளங்க வைத்தலை அதன் அருகிலேயே நிறுத்தினார். குற்றம் பத்தினுள் முதலாவதாகக் குன்றக் கூறலைச் சுட்டினார். இவ்வளவுகோலால் நோக்கின், கணினியின் தடுமாற்றம் புலப்படும். வெள்ளச் செய்தியொன்றில் புரண்டோடும் நீரும் அழும் முகமும் எளிதில் தேர்வுபெறும். வடிகால் அடைபட்ட காரணத்தை அமைதியாக விளக்கும் இரு வாக்கியங்கள் விடுபடக்கூடும். 'வருவாய் பெருகினால்' என்னும் நிபந்தனை ஒரு காட்சியிலும், 'உதவித்தொகை உயரும்' என்னும் முடிவு அடுத்த காட்சியிலும் அமைந்து, பின்னது மட்டும் தேறினால் என்னாகும்? தேர்ந்த துண்டு மெய். அது தரும் செய்தியோ பொய்.

மதிப்பிடும் முறையும் குறையுடையதே. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 'சம்மீ', 'டிவிசம்' என்னும் பல்வகைக் காணொளித் தொகுப்புகளைச் சோதித்தது. குறிப்பின்றிக் குலுக்கலாய்ப் பொறுக்கிய சுருக்கங்களும், நுட்பமான முறைகளுக்கு ஒப்பான மதிப்பெண்களைப் பெற்றமை வெளிப்பட்டது. குலுக்கலையும் தேர்வையும் வேறு பிரித்தறியாத அளவுகோல், தேர்வின் தரத்தை எங்ஙனம் காட்டும்?

பேச்சின் பொருளையும் நோக்கும் இன்றைய மொழி மாதிரிகள் இக்குறையை ஓரளவு தணிக்கின்றன, முற்றும் நீக்கவில்லை. எனினும் இக்கருவி பயனற்றதன்று. பெருந்தொகுப்பில் வேண்டிய இடத்தை விரைந்து காண அது நல்ல வழிகாட்டி. வழிகாட்டியையே சேருமிடமாகக் கொள்வதுதான் பிழை.

ஆகவே, சுருக்கத்தையும் முழுச்செய்தியையும் அருகருகே வைத்து, விடுபட்டது யாது, அதனால் திரிந்தது யாது என வினவும் பழக்கம் வகுப்பறையில் வேரூன்றல் வேண்டும். எதை விடலாம் என்பதைப் பொருளுணர்ந்து துணிவதே சுருக்கக் கலை. அத்துணிவை மாணவர் கருவியிடம் ஒப்படைத்துவிடலாகாது.