துப்பாக்கியின் இரு பக்கமும் நம்மவர்

நிஜக் குற்றவாளிகளைப் பற்றிய தொலைக்காட்சி நாடகங்களுக்கு இரண்டு வாய் உண்டு. விளம்பரத்தில் 'உண்மைச் சம்பவம்' என்கின்றன. யாரும் பிழை காட்டினால் 'யாவும் கற்பனை' என்கின்றன. "பொழுதுபோக்குத்தானே, அதில் போய் சரித்திரம் தேடுவதா?" என்று கேட்பவர்கள் அந்த முதல் வாயை மறந்துவிடுகிறார்கள்.

நமக்குக் கிட்டிய உதாரணம் உதுவன்கந்தை சரதியேல். கொழும்பு–கண்டி வீதியில் வழிப்பறி செய்தவன், கதையிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டு இலங்கையின் ரொபின் ஹூட் ஆகிவிட்டான். எங்கள் அப்புத்தளைப் பிள்ளைகளும் அவனை அறிவார்கள். "சேர், பணக்காரங்கள்ட களவெடுத்து ஏழைகளுக்குத்தானே குடுத்தாரு?" என்பார்கள். கூட்டாளி மம்மலே மரிக்காரையும் தெரியும். நட்புக்காக உயிர் கொடுத்த முஸ்லிம் என்று நம்மில் சிலருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

சபான் யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் சரதியேலைப் பிடிக்கப் போன பொலிஸ்காரர்களில் ஒருவர் சபான். மலாய் முஸ்லிம். அன்றைய துப்பாக்கிச் சூட்டில் மவுத்தானார். கடமையின்போது உயிரிழந்த முதலாவது பொலிஸ்காரராக அவரைக் கொண்டு, அந்தத் திகதியையே இலங்கைப் பொலிஸ் தன் வீரர்களை நினைவுகூரும் நாளாக அனுஷ்டிக்கிறது. சரதியேலும் மரிக்காரும் அவ்வாண்டு மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

துப்பாக்கியின் இரு பக்கமும் நம்மவர் இருந்தார்கள்; கதை ஒரு பக்கத்தை மட்டுமே வளர்த்தது. காரணம் எளிது. மலையில் ஒளிந்திருப்பவனுக்குக் காதல், பாட்டு, சண்டை எல்லாம் வைக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்த்தவருக்குக் கிடைப்பது சாகிற காட்சி ஒன்றுதான். வெள்ளைக்காரன் சட்டத்தை எதிர்த்தவன் என்ற பரிவு விளங்கக்கூடியதே. ஆனால் செத்த சபான் வெள்ளைக்காரன் இல்லையே!

தமிழ்நாட்டில் இந்த எல்லையை ஒரு நீதிமன்றமே வரைந்திருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்த வழக்கில், 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பொது ஆவணத்தில் உள்ளதை அனுமதியின்றி எழுதலாம், அதற்கு அப்பால் ஒருவரின் தனிவாழ்வுக்குள் நுழையக் கூடாது. ஆவணத்தில் இருந்தாலும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. 2019இல் அதே வழக்கு ஸீ5 தளத்தில் தொடராக வந்தபோது, தொடரின் பெயரே 'ஆட்டோ சங்கர்'.

பெயரை மறைப்பது சில இடத்தில் மரியாதை. சொல்வது சில இடத்தில் மரியாதை. எந்த இடத்தில் எது என்று யோசிப்பதுதான் எழுதுகிறவரின் வேலை. வசனத்தைக் கற்பனை செய்யட்டும், காதலியைக்கூடச் சேர்க்கட்டும். கொல்லப்பட்டவரைக் கதையிலிருந்து கழித்துவிடுவதற்குக் கற்பனை என்ற பெயர் பொருந்தாது. மவுத்தானவரின் கதை இருப்பவர் கையில் அமானிதம்.

இனி யாராவது சரதியேலை நாடகமாக எடுத்தால், சபானின் வீட்டு வாசலிலும் கமராவைக் கொஞ்ச நேரம் வைக்கட்டும்.